முடிச்சு

ப்ளைவுட் பலகை, அறுபதுக்கு நாற்பது சென்டிமீட்டர்.
மேலே ஒட்டிய எமென்டால் வரைபடம்
ஐம்பதாயிரத்தில் ஒன்று, ஓரத்தில் காபிக் கறை.
ஊர் இருக்கும் இடமெல்லாம் ரெகுலா துளையிட்டாள்.
துளைக்கொரு மீன்பிடி நூல்,
நூலின் அடியில் நட்டும் வாஷரும்:
போன ஆண்டு வந்த ஆம்புலன்ஸ் அழைப்பு
ஒன்றுக்கு ஒரு கிராம்.
மேலே எல்லா நூலுக்கும் சேர்த்து ஒரே முடிச்சு.

கணினி இதை அரை நொடியில் சொல்லும்.
சொல்லியும்விட்டது.
ஆனால் வியாழக்கிழமை ஊராட்சித் தலைவர்கள் ஏழு பேர் வருகிறார்கள்.
திரையில் மின்னும் எண்ணை நம்பாதவர்கள்
தொங்கும் இரும்பை நம்புவார்கள்.

முதல் தடவை
முடிச்சு நேரே லாங்னவ் துளைக்குள் போய் விழுந்தது.
மற்ற ஊர்கள் அத்தனையும் சேர்ந்து இழுத்தும்
விளிம்புக்கு மேல் தலை காட்டவில்லை.
பாதிக்கு மேல் கனம் ஒரே இடத்தில் குவிந்தால்
தேட ஒன்றுமில்லை,
அது கணக்கே இல்லை, தேர்தல்.
"லாங்னவை நாலாக உடை" என்றாள் ரெகுலா.
அவள் பிறந்த ஊர் அது.

உடைத்தோம்.
உராய்வில் உறங்கும் முடிச்சு விழிக்கட்டும் என்று
பலகையை விரலால் தட்டினோம்.
ஊர்ந்தது, தயங்கியது,
இல்ஃபிஸ் ஆற்றின் நட்டநடுவில் நின்றது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தோம்.
அளந்ததுதான் ஆற்றில் விழுந்தது.

தெற்கே ஷங்னவ் இருக்கிறது.
அதன் நூல் கிடந்த கோட்டிலேயே
பலகையின் விளிம்பில் இன்னொரு துளை போட்டு
கனத்தை அங்கே மாற்றினேன்.
முடிச்சு அசையவில்லை.
நூலுக்குத் திசை தெரியும், தூரம் தெரியாது.
அக்கா லியோனை விட்டு மாண்ட்ரியலுக்குப் போனபோதும் இப்படித்தான்,
அதே மேற்கு, அதே இழுப்பு.

தூரத்தை மட்டும் கேட்கும் முறையும் உண்டு:
எல்லாரும் உள்ளே அடங்கும் மிகச் சிறிய வட்டம்.
அங்கே கிராம் செல்லாக்காசு.
ஓரத்துப் பண்ணைகள் மூன்று போதும் மையத்தைச் சொல்ல,
லாங்னவ் முழுதும் வாய்மூடி நிற்கும்.
வரைந்து பார்த்தோம்.
சாலையே ஏறாத ஒரு மேய்ச்சல் சரிவில்
வந்து நின்றது மையம்.
மாடுகளுக்கு அவசரம் என்றால் சரி.

கிழக்கு மூலையில், அந்த மூன்றில் ஒன்று,
கிறிஸ்டன் ஃபங்க்ஹவுசரின் பண்ணை. நாலு வாஷர்.
புதன்கிழமை ஆற்றங்கரையிலிருந்து ஓட்டிப் பார்த்தோம்:
பனியில்லாத நாளில் இருபத்தாறு நிமிடம்.
அவர் பால்கேனைக் கீழே வைத்தார்.
உங்கள் எடை நாலு கிராம் என்று
ரெகுலா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.
சிரிப்பார் என்று நினைத்தோம்.
விரல்விட்டு எண்ணினார்.
"ஒன்று பசு கன்று போட முடியாமல் தவித்தபோது
பதறிப்போய்க் கூப்பிட்டது.
மூன்று என்று எழுதுங்கள்."

இரவு அலுவலகத்தில் யாருமில்லை.
வாஷர் ஒன்றைக் கழற்றினேன்.
மூன்று.
நேர்மை என்றால் அதோடு விளக்கை அணைத்திருக்க வேண்டும்.
அதே நூலில் என் சாவிக்கொத்தை மாட்டினேன்,
தட்டினேன்.
ஆற்றைவிட்டுக் கிழக்கே கரையேறியது முடிச்சு,
மூன்று மில்லிமீட்டர்.
நிலத்தில் நூற்றைம்பது மீட்டர்.
சைரன் போட்டு ஓட்டினால் பதினொரு விநாடி.
பதினொரு விநாடியில் ஓர் இதயம் என்ன செய்யும் என்று
எங்கள் அட்டவணை எதிலும் இல்லை.

காலையில் கழற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.
பெர்ன் ரயில் ஏறி, இறங்கி, மூன்று மாடி ஏறி,
கதவருகே கையைப் பையில் விட்டபிறகுதான்
வீடு பூட்டியிருப்பது நினைவுக்கு வந்தது.